ஐந்தாம் நாள்: இரத்தப் புற்றுநோயும் தீவிர சிகிச்சையின் அறமும்

மருத்துவ வரலாற்றை நாம் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். இன்ன ஆண்டில் இன்ன மருந்து, இன்ன கருவி, இன்னாருக்கு நோபல் பரிசு என்று அந்த வாசிப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் தன்னோடு ஒரு கேள்வியையும் சுமந்துவந்து நோயாளியின் கட்டிலருகே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. அந்தக் கேள்விகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே பின்தொடர்ந்து பார்க்கலாம்.

கேள்வி எளிமையானது. இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவர் சிகிச்சையின் நடுவே மூச்சுத் திணறலுக்கு ஆளாகிறார். அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்று, தொண்டையில் குழாயிட்டு, செயற்கைச் சுவாசக் கருவியில் இணைக்க வேண்டுமா? இணைத்தால் எதுவரை? நிறுத்துவதென்றால் யார் சொல்லி நிறுத்துவது? 1970களில் இதற்குச் சொல்லப்பட்ட பதிலும், 1996இல் சொல்லப்பட்ட பதிலும், 2007இல் சொல்லப்பட்ட பதிலும் ஒன்றல்ல. அறம் என்பது காலத்தால் மாறாதது என்று நம்புகிறவர்களுக்கு இது சங்கடமான செய்திதான். மாறியது அறமா, அல்லது அறம் கால் ஊன்றியிருந்த தரையா என்பதை இறுதியில் பார்ப்போம்.

*

கதையின் முதல் இழை கோபன்ஹேகன் நகரில் தொடங்குகிறது. 1952ஆம் ஆண்டின் கோடையில் அங்கு இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளைடாம் மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தவர்களில் பலருக்குச் சுவாசத் தசைகளே செயலிழந்திருந்தன. முதல் மூன்று வாரங்களில் சுவாசக் கருவியின் உதவி தேவைப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர். அப்போது மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், அறுவை அரங்கில் மட்டும் புழங்கிவந்த ஓர் உத்தியைப் பொது வார்டுக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் துளையிட்டு, குழாய் செருகி, ஒரு ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துவது என்பதே அது. 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அது முதலில் பலித்தது.

பையை அழுத்தப் போதுமான கருவிகள் இல்லை, கைகள் இருந்தன. ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அமர்ந்து, முன்பின் அறியாத நோயாளிகளுக்காக மூச்சுவிட்டார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே சரிந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் இப்சன் அதே நகரில் எல்லா வகை நோயாளிகளுக்குமான ஒரு தனிப் பிரிவை அமைத்தார். இன்று உலகெங்கும் நாம் காணும் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூலவடிவம் அதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளம்பிள்ளைவாதம் கண்ட சிறுமியின் நுரையீரல் நல்ல நிலையில் இருந்தது. அதை இயக்கும் தசைதான் தளர்ந்திருந்தது. சில வாரங்கள் வேறொருவர் மூச்சுவிட்டுக் கொடுத்தால் போதும், அவள் மீண்டுவிடுவாள். கருவி என்பது ஒரு பாலம்; அக்கரை கண்ணுக்குத் தெரிந்தது. அக்கரையே தெரியாத நோயாளிகளை அதே பாலத்தில் ஏற்றத் தொடங்கியபோதுதான் அறச்சிக்கல் பிறந்தது.

*

இரண்டாவது இழை இரத்தத்தினுடையது. 1845இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும், பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோவும் இறந்தவர்களின் உடலில் விசித்திரமான இரத்தத்தைக் கண்டு தனித்தனியே பதிவு செய்தார்கள். 1847இல் விர்ஹோ அதற்கு லூகேமியா என்று பெயரிட்டார். வெள்ளை இரத்தம் என்று பொருள். பெயர் வைத்த பிறகு நூறாண்டுகள் கழிந்தும் கடுமையான லூகேமியாவுக்கு மருத்துவரிடம் இருந்ததெல்லாம் அந்தப் பெயர் மட்டுமே.

முதல் அசைவு பாரிஸில் நிகழ்ந்தது. 1947இல் ழான் பெர்னாரும் மார்செல் பெஸ்ஸியும் லூகேமியா கண்ட ஒரு குழந்தையின் இரத்தத்தை முழுதும் மாற்றிப் பார்த்தார்கள். நோய் பின்வாங்கியது, பிறகு திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, பத்துப் பேரிடம் முன்னேற்றம் கண்டதாக அறிவித்தார். அதுவும் தற்காலிக முன்னேற்றமே. அந்த மருந்தை லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டு அமெரிக்கா சென்றவர். ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த அதே 1948இல், ஆகஸ்டு மாதம், 53 வயதில் காலமானார். சென்னை நகரம் அவரை இன்னும் போதிய அளவு நினைவுகூரவில்லை என்பதைச் சொல்லித்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

ஃபார்பரைப் பாராட்டியவர்கள் குறைவு. குழந்தைகளை நிம்மதியாக இறக்க விடாமல் சில வாரங்களுக்காக வதைக்கிறார் என்பதே சக மருத்துவர்கள் பலரின் எண்ணமாக இருந்தது. எதிர்த்தவர்களை இரக்கமற்றவர்கள் என்று நாம் தள்ளிவிட முடியாது. அன்று அவர்கள் கண்முன் இருந்த தரவுகளின்படி அவர்கள் சொன்னது நியாயமே. அந்தக் குழந்தைகள் இறந்துதான் போனார்கள். ஆனால் அந்த வாரங்கள் மாதங்களாயின. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960களில் வந்தபோது மாதங்கள் ஆண்டுகளாயின. அந்தப் பத்தாண்டின் இறுதியில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெலின் குழுவினர் கையாண்ட முறையால் குழந்தைகளில் பாதிப்பேர் குணமடைந்தார்கள். வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளின் நிணநீர் லூகேமியாவில் இன்று பிழைப்போர் பத்தில் ஒன்பதை நெருங்குகிறார்கள். முதல் பதினாறு குழந்தைகளின் துன்பம் இல்லாமல் இது இல்லை. அப்படியானால் அவர்கள் பட்ட துன்பம் நியாயமாகிவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லவும் மனம் துணிவதில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வருவதில்லை.

*

இரண்டு இழைகளும் சந்திக்கும் இடம் நுரையீரல். அதன் காரணத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. லூகேமியாவுக்கான மருந்துகள் நோயுற்ற அணுக்களை மட்டும் தேடிக் கொல்வதில்லை. எலும்பு மஜ்ஜையையே ஏறக்குறைய தரிசாக்குகின்றன. மஜ்ஜை மீண்டும் துளிர்க்கும்வரை, வாரக்கணக்கில், நோயாளியின் உடலில் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் இருப்பதில்லை. 1966இல் ஜெரால்டு போடியும் அவருடைய சகாக்களும் இந்த அணுக்களின் எண்ணிக்கை குறையக் குறையத் தொற்று கூடுவதைத் தெளிவாக நிறுவினார்கள். சாதாரணமாக நம் வாயிலும் குடலிலும் சாதுவாக வாழும் கிருமிகளே அப்போது எமனாகின்றன. நிமோனியா வருகிறது, இரத்தத்தில் தொற்று பரவுகிறது, மூச்சு முட்டுகிறது. அதாவது, நோயாளி தீவிர சிகிச்சைக்கு வருவது பல நேரங்களில் புற்றுநோயால் அல்ல, புற்றுநோய்க்கான சிகிச்சையால். குணமாவதற்கான வழியே கொல்லும் வழியாகவும் இருக்கிறது.

கருவியில் இணைக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையை விட்டு உயிரோடு வெளியேறவில்லை. 1970களிலும் 80களிலும் ஆய்வு மேல் ஆய்வாக இதையே சொன்னது.

இதற்கு முன்பே கருவி எழுப்பிய கேள்வி மதபீடம்வரை சென்றிருந்தது. இன்ஸ்புரூக் நகரின் மயக்கவியல் மருத்துவர் புரூனோ ஹைட் எழுப்பிய வினாக்களுக்கு விடையாக, 1957 நவம்பர் 24 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்களிடையே உரையாற்றினார். உயிரைக் காக்கச் சாதாரண வழிமுறைகளைக் கையாள்வது கடமை. மிகையான பாரத்தை ஏற்றும் அசாதாரண வழிமுறைகளைக் கையாளக் கடமையில்லை என்பது அவர் தந்த விடையின் சாரம். கத்தோலிக்க இறையியலில் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்த வேறுபாடுதான் அது. ஆனால் நேற்று அசாதாரணமாக இருந்தது இன்று சாதாரணமாகிவிடுகிறது என்பதே மருத்துவத்தின் வரலாறு. எல்லைக்கோடு சரியாகவே வரையப்பட்டது. கோடு வரையப்பட்ட நிலம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது.

*

1976ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டு மார்ச் 31 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், நினைவு மீளாத நிலையில் இருந்த கேரன் குவின்லனின் சுவாசக் கருவியை அகற்றலாம் என்று தீர்ப்பளித்தது. கருவி அகற்றப்பட்ட பின் அவர் தானாகவே மூச்சுவிட்டு 1985வரை வாழ்ந்தார் என்பது இவ்வழக்கில் யாரும் எதிர்பாராத பின்குறிப்பு.

அவ்வளவாக அறியப்படாத இன்னொரு வழக்குதான் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெல்ச்சர்டவுன் அரசு இல்லத்தில் வாழ்ந்துவந்த ஜோசப் சைக்கவிச் என்ற 67 வயது முதியவருக்கு 1976 ஏப்ரலில் கடுமையான லூகேமியா கண்டறியப்பட்டது. அவருடைய மனவளர்ச்சி மூன்று வயதுக்கும் குறைவான குழந்தையினுடையது. 1923முதல் அரசு நிறுவனங்களிலேயே வாழ்ந்தவர். சகோதரிகள் இருவர் கண்டுபிடிக்கப்பட்டனர். அவர்கள் இதில் தலையிட விரும்பவில்லை. மருந்து கொடுத்தால் நோய் தணிய 30 முதல் 50 விழுக்காடு வாய்ப்பு. தணிந்தாலும் அது சில மாதங்கள் முதல் ஓராண்டுவரையே நீடிக்கும். மருந்தின் வேதனை ஏன் என்று அவருக்குப் புரியவைக்க வழியில்லை. கட்டிப்போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

நீதிமன்றம் ஜூலையில் சிகிச்சை வேண்டாம் என்பதை உறுதிசெய்தது. செப்டம்பர் 4 அன்று அவர் நிமோனியாவால், வலியின்றி இறந்தார். விரிவான தீர்ப்புரை 1977 நவம்பரில் வெளியாயிற்று. மனவளர்ச்சியற்றவரின் உயிர் மதிப்புக் குறைந்தது என்ற வாதத்தை அது வெளிப்படையாக நிராகரித்தது. மற்றவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று பார்க்கக் கூடாது. இந்த மனிதர், தன் நிலையை உணரும் ஆற்றல் பெற்று, தன் புரியாமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சிந்தித்தால், எதைத் தேர்ந்தெடுப்பார் என்று பார்க்க வேண்டும் என்றது. தத்துவ நோக்கில் இது வியக்கத்தக்க கற்பனை. புரிந்துகொள்ள முடியாத ஒருவரின் உள்ளே நுழைந்து அவர் புரிந்துகொண்டதாகப் பாவித்து முடிவெடுப்பது. நாவலாசிரியர்கள் செய்கிற வேலையை நீதிபதிகள் கையிலெடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

மருத்துவர்களுக்கு இது உவப்பாக இல்லை. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் ஆர்னால்ட் ரெல்மன், நீதிபதிகள் மருத்துவர்களாகிறார்கள் என்று கடுமையாக எழுதினார். அதே இதழில் 1976 ஆகஸ்டில், பாஸ்டனின் இரு பெரிய மருத்துவமனைகள், நம்பிக்கையற்ற நிலையில் இருப்பவர்களுக்கு எந்த அளவு சிகிச்சை, யாருக்கு இதயத்தை மீளத் துடிக்கவைக்கும் முயற்சி வேண்டாம் என்பதற்கான தங்கள் நடைமுறைகளை வெளிப்படையாக அறிவித்திருந்தன. அதுவரை கண்சாடையாலும் கரும்பலகைக் குறிகளாலும் நடந்துவந்த ஒன்று எழுத்துக்கு வந்தது. எழுத்துக்கு வந்தபின் அதைப் பற்றி விவாதிக்க முடிந்தது.

*

எழுத்துக்குப் பின் எண்கள் வந்தன. சியாட்டில் நகரம் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் தலைநகரம். அங்கு அதை வளர்த்தெடுத்த டொனால் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். 1996இல் அதே நகரிலிருந்து கோர்டன் ரூபன்ஃபெல்டும் ஸ்டீபன் கிராஃபர்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் சுவாசக் கருவியில் இணைக்கப்பட்ட 865 பேரில் பிழைத்தவர்கள் 53 பேர். நுரையீரல் பாதிப்போடு இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்தும் தேவைப்பட்டவர்கள், அல்லது நுரையீரலோடு கல்லீரலும் சிறுநீரகமும் தொடர்ந்து செயலிழந்தவர்கள் ஏறத்தாழ 398 பேர். அவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஒருவர்கூட இல்லை என்பது வலிமையான சொல். இத்தகையோருக்குக் கருவியை விலக்குவதே முறை என்று அக்கட்டுரை வாதிட்டது. அதன் நோக்கம் நேர்மையானது. பயனற்ற வதையிலிருந்து நோயாளியையும், குற்றவுணர்விலிருந்து குடும்பத்தையும் அது விடுவிக்க விரும்பியது. ஆயினும் இத்தகைய எண்களை ஆண்டவர்கள் அவற்றின் எல்லையைத் தாண்டியும் ஆண்டார்கள். மஜ்ஜை மாற்றம் செய்தவர்களைப் பற்றிய முடிவு எல்லா இரத்தப் புற்றுநோயாளிகள் மேலும் நிழல்போல் படிந்தது. இரத்தப் புற்றுநோயா, படுக்கை இல்லை என்பது பல இடங்களில் எழுதப்படாத விதியாயிற்று.

இங்கேதான் இந்த வரலாற்றின் முள் இருக்கிறது. பிழைக்க மாட்டார்கள் என்று கருதி நோயாளிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டால், அவர்கள் பிழைக்க மாட்டார்கள். அடுத்த ஆய்வும் அவர்கள் பிழைக்கவில்லை என்றே பதிவு செய்யும். கணிப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. தாமதமாகச் சேர்க்கப்பட்டவர் தாமதத்தால் இறக்கிறார்; பழி நோயின் மேல் விழுகிறது. சோதிடத்தில் நமக்குப் பழக்கமான இந்தச் சுழல் அறிவியலின் அங்கியை அணிந்து வரும்போது அடையாளம் காண்பது கடினம்.

*

சுழலை உடைத்தது மீண்டும் பிரான்ஸ். பாரிஸின் சேன் லூயி மருத்துவமனை 1607இல் நான்காம் ஹென்றி மன்னனால் கொள்ளைநோயாளிகளை நகருக்கு வெளியே ஒதுக்கிவைப்பதற்காகத் தொடங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அங்கேதான் ழான் பெர்னார் இரத்தவியலை வளர்த்தெடுத்தார். நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து சிறைப்பட்டவர், பிரெஞ்சு இலக்கியக் கழகத்தின் உறுப்பினர், கவிதையும் எழுதியவர். 1983இல் பிரான்ஸ் உலகின் முதல் தேசிய அறவியல் ஆலோசனைக் குழுவை அமைத்தபோது அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அவரே. 1947இல் குழந்தையின் இரத்தத்தை மாற்றிப் பார்த்த அதே மனிதர். லூகேமியா மருத்துவர் ஒருவர் அறவியலின் நாற்காலியில் அமர்ந்தது தற்செயல் என்று நாம் எண்ணவில்லை.

அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எலி அசூலேயும் அவருடைய சகாக்களும் முதலில் தங்கள் தீர்ப்பையே சோதித்தார்கள். 2005இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட 206 புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். அனுமதிக்கப்பட்டவர்கள் 105 பேர். மீட்க முடியாத அளவு முற்றிவிட்டது என்று மறுக்கப்பட்டவர்கள் 54 பேர். அவ்வளவு மோசமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 47 பேர். முற்றிவிட்டது என்று சொல்லப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினர் முப்பதாம் நாளில் உயிரோடிருந்தார்கள். மோசமில்லை என்று சொல்லப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் அதற்குள் இறந்திருந்தார்கள். வாசலில் நின்று செய்யும் கணிப்பு இருபுறமும் பிழையானது என்பதை இதைவிட நேர்மையாக ஒரு மருத்துவர் குழு தன்னைப் பற்றிச் சொல்லிவிட முடியாது.

இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. வாசலில் தீர்ப்பு வேண்டாம்; உள்ளே அழைத்துச் சில நாட்கள் எந்தக் குறையும் வைக்காமல் முழுச் சிகிச்சை அளிப்போம், பிறகு பார்ப்போம். ஏற்கெனவே படுத்த படுக்கையாகிவிட்டவர்களும், புற்றுநோய்க்கே இனிச் சிகிச்சை இல்லாதவர்களும் மட்டும் விதிவிலக்கு. 2007இல் முடிவுகள் வெளியாயின. சுவாசக் கருவி தேவைப்பட்டு, வேறோர் உறுப்பும் செயலிழந்த 188 பேரில், ஐந்தாம் நாள் உயிரோடிருந்தவர்கள் 103 பேர். அவர்களில் 40 விழுக்காட்டினர் மருத்துவமனையை விட்டு உயிரோடு வெளியேறினர், மொத்தத்தில் 21.8 விழுக்காடு. முதல் நாளின் மதிப்பீட்டைவிட ஆறாம் நாளின் மதிப்பீடே யார் பிழைப்பார் என்பதைச் சரியாகச் சொன்னது. அதேபோல், மூன்று நாள் கழித்துப் புதிதாகக் கருவியோ, அழுத்த மருந்தோ, டயாலிசிஸோ தொடங்க வேண்டி வந்தவர்களில் எவரும் பிழைக்கவில்லை.

இதன் அறவியல் பொருள் ஆழமானது. அதுவரை கேள்வி 'இவரைச் சேர்ப்பதா வேண்டாமா' என்று இருந்தது. இப்போது 'எத்தனை நாள், எதைக் கண்டால் தொடர்வோம், எதைக் கண்டால் நிறுத்துவோம்' என்று ஆயிற்று. இரண்டு சொற்களுக்கு இடையே தேர்வு செய்ய வேண்டிய இடத்தில் காலம் என்ற மூன்றாவது பொருள் நுழைந்தது. முயன்று பார்ப்பது வாழ்நாள் முழுதுக்குமான வாக்குறுதி அல்ல என்று முன்கூட்டியே பேசிவிட்டால், முயல்வதற்கும் அச்சமில்லை, நிறுத்துவதற்கும் துரோகமில்லை.

2013இல் பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் 17 மையங்களில் தீவிர சிகிச்சை பெற்ற 1,011 இரத்தப் புற்றுநோயாளிகளின் கணக்கு வெளியானது. 60.7 விழுக்காட்டினர் மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பினர். ஓராண்டுக்குப் பின் 43.3 விழுக்காட்டினர் இருந்தனர். நோய் அதேதான். விரைவாகச் சேர்ப்பதும், தொற்றை இனங்காணும் முறைகளும், மருந்துகளும் மாறியிருந்தன. எழுதப்படாத அந்த விதி பொய்த்துப்போயிற்று.

வெற்றிக்கதையாக மட்டும் இதைச் சொல்லிவிடவும் கூடாது. 2001இல் போர்தோ நகரில் 52 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், குழாய் இல்லாமல் முகமூடி வழியே சுவாசம் அளித்தது பல உயிர்களைக் காத்தது. 2015இல் 374 பேரிடம் மீண்டும் சோதித்தபோது அந்த நன்மை தென்படவில்லை. நம்பிக்கை தரும் எண்களும் காலாவதியாகக் கூடியவை.

*

எண்களுக்கு வெளியே மனிதர்கள் இருக்கிறார்கள். சூசன் சொண்டாக்கை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நோயை உருவகமாக்காதீர்கள் என்று 1978இல் நூல் எழுதியவர். இருமுறை புற்றுநோயை வென்ற அவருக்கு 2004 மார்ச்சில் மூன்றாவதாக இரத்தத்தில் நோய் கண்டது. 71 வயதில் சியாட்டிலுக்குச் சென்று மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டார். அது தோற்றது. நியூயார்க் திரும்பி, டிசம்பர் 28 அன்று இறந்தார். வாழ்வுக்கான எந்த வாய்ப்பையும் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். மரணத்தைப் பற்றிப் பேசவும் மறுத்தார். நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது சரிதானா என்று அவர் மகன் டேவிட் ரீஃப் 2008இல் எழுதிய நூலில் தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறார். நோயாளியின் விருப்பத்தை மதி என்ற விதி எவ்வளவு தெளிவானது, அதைக் கடைப்பிடிப்பவரின் பின்னாளைய இரவுகள் எவ்வளவு தெளிவற்றவை என்பதற்கு அந்நூல் சாட்சி.

இந்தப் பின்னாளைய இரவுகளையும் அசூலேயின் குழு அளந்தது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் உறவினரில் மூவரில் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. இறுதி முடிவில் பங்கெடுத்தவர்களிடம் இது இன்னும் மிகுதி. 2007இல் பிரான்ஸின் 22 பிரிவுகளில் நடந்த வேறோர் ஆய்வில், இறக்கும் தறுவாயில் இருந்த 126 பேரின் குடும்பத்தாரிடம் மருத்துவர்கள் வேறுவிதமாகப் பேசிப் பார்த்தார்கள். உறவினர் சொல்வதை மதிப்பது, உணர்வை ஏற்பது, கேட்பது, நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்று விசாரிப்பது, கேள்வி கேட்க விடுவது, இவ்வளவுதான். வழக்கமான சந்திப்பு 20 நிமிடம், இது 30 நிமிடம். உறவினர் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாயிற்று. மூன்று மாதங்களுக்குப் பின் அவர்களுடைய மன உளைச்சல் குறைவாக இருந்தது. கூடுதலாகத் தேவைப்பட்டது பத்து நிமிடம்.

*

நம் நாட்டில் இக்கேள்வி வேறு உடை உடுத்தி வருகிறது. பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும் மஜ்ஜை மாற்றம் தொடங்கியது. ஆனால் சிகிச்சைச் செலவின் பெரும்பங்கு நெடுங்காலம் குடும்பத்தின் தலையிலேயே விழுந்துவந்திருக்கிறது. ஆகவே எப்போது நிறுத்துவது என்பதை நோயின் போக்கைவிடக் கைப்பணமே பலமுறை தீர்மானித்திருக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து. பிறகு ஆம்புலன்ஸில், ரப்பர் பையை ஒருவர் அழுத்திக்கொண்டே வர, வீடுவரை ஒரு பயணம். அந்தப் பையைத் தானே விரியும் வகையில் 1956இல் வடிவமைத்ததும் டென்மார்க்கில்தான். அங்கே மாணவர்கள் அழுத்தியது வாழ்வை நோக்கி. இங்கே பலமுறை அழுத்துவது வீட்டு வாசலை எட்டும்வரை.

சட்டம் மெல்ல நகர்ந்தது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்றும், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள முன்கூட்டியே விருப்பாவணம் எழுதிவைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் போன்ற நடைமுறைகள் கடினமாக இருந்ததால் யாராலும் எளிதில் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் அது தளர்த்தப்பட்டது. நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும் என்றாயிற்று. மருத்துவர் குழுக்கள் இரண்டு, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். ஆனால் பணம் தீர்ந்துபோனதால் நின்றுபோகும் சிகிச்சையை எந்த விருப்பாவணமும் விருப்பமாக்கிவிடாது. முயன்று பார்க்கும் ஐந்து நாட்களே பலருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் நம் அறச்சிக்கலின் முதல் வரி.

*

கதை முடிந்துவிடவில்லை. 2012இல் பிலடெல்ஃபியாவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அவளுடைய டி அணுக்களையே மாற்றியமைத்து லூகேமியாவுக்கு எதிராக ஏவும் புதிய சிகிச்சை அளிக்கப்பட்டது. சிகிச்சையின் சீற்றத்தில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவிக்குப் போனாள். பழைய கணிப்புகளின்படி முடிவு எழுதப்பட்டுவிட்ட நிலை. இரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற பொருள் மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர்கள், மூட்டுவாதத்துக்கான டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் மீண்டாள், லூகேமியாவும் அகன்றது. 2017இல் அமெரிக்கா இச்சிகிச்சையை அங்கீகரித்தது. 2023இல் இந்தியாவிலேயே உருவான ஒன்றுக்கு இங்கும் ஒப்புதல் கிடைத்தது. அவளைக் காட்டி எல்லாரையும் எல்லையின்றிக் கருவியில் வைத்திருக்கலாம் என்று வாதிடுவது தவறு. 398 பேரைக் காட்டி அவளை நிறுத்தியிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்துக்கு வருவோம். மாறியது அறம் அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. வீணாக வதைக்காதே, அவசரப்பட்டுக் கைவிடாதே என்ற இரண்டு கட்டளைகளும் ஃபார்பரின் காலத்திலிருந்து அப்படியே இருக்கின்றன. எது வீண், எது அவசரம் என்பதைச் சொல்லும் அறிவுதான் பத்தாண்டுக்கு ஒருமுறை புரண்டு படுக்கிறது. எனவே இந்தத் துறையில் அறத்தோடு நடப்பது என்பது கொள்கையை உறுதியாகப் பற்றியிருப்பது மட்டுமன்று, தன் கணக்கு எந்த ஆண்டின் கணக்கு என்று கேட்டுக்கொள்வதும்தான். அதற்கு அப்பாலும் ஐந்தாம் நாள் காலை ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, உள்ளே படுத்திருப்பவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அவர் வீட்டாரிடம் கேட்டாக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது.